உதகை தந்த பேராயர்கள்

மைசூர் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து 1955 ஜூலையில் உதகை மறைமாவட்டம் உருவானபோது, முதல் ஆயராக வந்தவர் அந்தோனி படியறை. வயது 34. அன்றைய ஆயர் பூசைக்குக் கையுறையும் தனிக் காலணியும் அணிவார். முழந்தாளிட்டுத்தான் அவர் மோதிரத்தை முத்தி செய்வார்கள். பூசையோ இலத்தீனில். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து நடந்து வந்தவருக்கு அதில் ஒரு சொல்லும் புரியாது.

படியறை உதகையில் ஆயராக இருந்த காலத்திலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. பூசைக்குத் தமிழ் வந்தது. பிற சபையாரைப் பிரிந்துபோன சகோதரர்களாகப் பார்க்கச் சொல்லும் ஏடு 1964இல் வெளியானது. கையுறையும் தனிக் காலணியும் கட்டாயமில்லை என்று 1968இல் உரோமையே சொல்லிவிட்டது.

படியறை பிறந்தது கேரளத்தின் சீரோ மலபார் குடும்பத்தில்; உதகையில் நடத்தியதோ இலத்தீன் முறை. 1970இல் சங்கனாச்சேரிப் பேராயரானதும் தம் முன்னோரின் வழிபாட்டுக்கே திரும்பினார். பிறகு எர்ணாகுளம், 1988இல் கர்தினால், 1992இல் சீரோ மலபார் திருச்சபையின் முதல் உயர் பேராயர். ஒற்றுமை என்பதற்கு அவர் வாழ்க்கையைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. ஆனாலும் அவர் வீற்றிருந்த அதே எர்ணாகுளத்தில், குருவானவர் எந்தப் பக்கம் திரும்பிப் பூசை வைப்பது என்ற பிணக்கு அண்மைக் காலம்வரை தெருவுக்கு வந்தது. வேதனையான விஷயம்.

உதகை ஆயர்கள் மேலும் இருவர் பேராயர்களானார்கள்: அருள்தாஸ் ஜேம்ஸ் 1994இல் சென்னை மயிலைக்கு, அந்தோனி ஆனந்தராயர் 2004இல் புதுவைக்கு. இவர்களைப் போல மறைமாநிலத்துக்குத் தலைமை தாங்கும் இலத்தீன் பேராயருக்கு உரியது பாலியம். ஆட்டு ரோமத்தில் நெய்து, ஆறு கறுப்புச் சிலுவைகள் பதித்த வெள்ளைப் பட்டை. காணாமற்போன ஆட்டைத் தோளில் சுமந்து வரும் மேய்ப்பனை அது குறிக்கும். இரண்டாம் ஜான் பால் காலத்தில் ஜூன் 29 அன்று திருத்தந்தையே உரோமையில் அதை அணிவித்தார். 2015இல் பிரான்சிஸ் அந்த முறையை மாற்றினார்: பேராயரின் சொந்த உயர்மறைமாவட்டத்தில், அவர் மக்கள் முன்னிலையில், அவரோடு இணைந்த மறைமாவட்ட ஆயர்களும் சூழ, திருத்தந்தையின் தூதர் அணிவிப்பார். 2025இல் பதினான்காம் லியோ பழையபடி தம் கையாலேயே அணிவித்தார்.

பேதுருவின் வழிவந்த திருத்தந்தையோடுள்ள உறவை உரோமைச் சடங்கு காட்டுகிறது, உண்மைதான். ஆனால் உதகை இன்றும் சென்னை மயிலையோடு இணைந்த மறைமாவட்டம். அந்தச் சடங்கு சென்னை சாந்தோம் பேராலயத்தில் நடந்தால் குன்னூர்த் தோட்டத் தொழிலாளியும் இரவு பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வரலாம். பிரான்சிஸ் காட்டிய வழியே எனக்குப் பிடித்திருந்தது.