தேர்வுக்காக இல்லாமல் படிக்க என்ன புத்தகம்? பாடாலூரைச் சுற்றியே தொடங்கலாம்!

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குப் பாடாலூர் ஒரு பெயர்ப்பலகை. பார்த்ததும் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் இந்த ஊரைச் சுற்றியுள்ள மண்ணில் ஒரு காலத்தில் கடல் இருந்திருக்கிறது. படைகள் மோதியிருக்கின்றன. தமிழ்த் தாத்தா உ.வே.சா. இளம் வயதில் தமிழ் படித்ததும் இந்தப் பக்கம்தான்.

கதை அல்லாத புத்தகம் என்றாலே பலருக்கு டிஎன்பிஎஸ்சி கைடும் தன்னம்பிக்கை நூலும்தான் ஞாபகம் வரும். நாவல் படிக்கிறவர்கள்கூட "கட்டுரையா? தூக்கம் வந்துடும்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். யாரோ சொன்னார்கள் என்று 'சேப்பியன்ஸ்' வாங்கி, நாற்பதாவது பக்கத்தில் மடித்து வைத்தவர்களும் உண்டு. புத்தகத்தில் குறை இல்லை, தொடங்கிய இடம்தான் ரொம்ப தூரம். தெரிந்த ஊரின் பெயர் பக்கத்தில் வந்தால் கண் தானாக நிற்கும்.

எதில் தொடங்குவது?

தயங்காமல் 'என் சரித்திரம்'. உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறு இது. 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது. 1942-ல் அவர் மறைந்ததால் முடியாமலே நின்றுபோனது. புத்தகமாக வந்தது 1950-ல். வாரப் பத்திரிகைக்காக எழுதப்பட்டதால் அத்தியாயங்கள் சின்னச் சின்னதாக, 122 இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று முடித்துவிடலாம்.

அவர் பிறந்தது தஞ்சைப் பக்கம், உத்தமதானபுரம். அப்பா சங்கீத வித்துவான். ஆதரிப்பவர்களைத் தேடி ஊர் ஊராகக் குடும்பம் நகர்கிறது. அப்படித்தான் அரியலூர் வருகிறது, பிறகு இன்றைய பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் வருகிறது. அரியலூரில் சடகோபையங்காரிடம் பாடம். பெரம்பலூர் பக்கத்துச் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை. கையில் காசில்லாத ஒரு பையன், எந்த ஊரில் யாருக்கு எந்த நூல் தெரியும் என்று விசாரித்து விசாரித்துப் போகிறான். இன்று ஒரு போன் இருந்தால் கிடைக்கும் பாடத்துக்கு அன்று ஒரு குடும்பமே வீடு மாற வேண்டியிருந்தது. 1880-ல் கும்பகோணத்தில் சேலம் ராமசாமி முதலியாரைச் சந்தித்தது, அதன் பிறகு ஏடு தேடி அலைந்தது, 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டது எல்லாம் அப்புறம் வரும். துப்பறியும் கதை மாதிரி ஓடும் பகுதி அது.

கல்லைப் பற்றிப் படிக்க முடியுமா?

முடியும். பாடாலூருக்குச் சில கிலோமீட்டரில் இருக்கும் ஊட்டத்தூரைக் கோயிலுக்காகப் பலருக்குத் தெரியும். உலகம் முழுக்க உள்ள புவியியலாளர்களுக்கு அது ஒரு பாறைத் தொகுதியின் பெயர். எச்.எஃப்.பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் இந்தப் பகுதிப் பாறைகளை ஆராய்ந்து 1860-களில் வெளியிட்ட அறிக்கையில் ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று ஊர்ப் பெயர்களையே பாறை வரிசைகளுக்கு வைத்தார். ஊட்டத்தூர் அடுக்குகள் ஏறத்தாழ 10 கோடி ஆண்டு பழமையானவை. பக்கத்துக் காரை கிராமத்து வெடிப்பு நிலத்தில் கடல்வாழ் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைத்துள்ளன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள்.

அந்தப் பழைய அறிக்கை பொதுவாசகருக்கானது இல்லை. அதற்குப் பதில் பிரணய் லாலின் 'இண்டிகா' (2016) எடுக்கலாம். இந்தியத் துணைக்கண்டத்தின் இயற்கை வரலாறு, படங்களோடு. ஆங்கிலம்தான், ஆனால் பயமுறுத்தாத ஆங்கிலம். கல்லில் இருந்து மனிதருக்கு வர வேண்டுமென்றால் டோனி ஜோசப்பின் 'ஆதி இந்தியர்கள்' தமிழிலேயே கிடைக்கிறது. நம் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பதை மரபணு ஆய்வு வழியே சொல்கிறது. வாட்ஸ்அப் சண்டைக்கு முன் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

சண்டைக் கதை பிடிக்குமா?

பெரம்பலூரைத் தாண்டினால் ரஞ்சன்குடி கோட்டை. அதை ஒட்டிய வாலிகண்டபுரம் பக்கம் 1751-ல் ஒரு அணியில் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும், எதிரணியில் முகமது அலியும் ஆங்கிலேயர்களும் மோதினார்கள். அந்தக் காலத்துப் புதுச்சேரியை உள்ளிருந்து பார்த்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை, ஆளுநர் டூப்ளேயின் துபாஷி. 1736-ல் தொடங்கி 1761-ல் சாகும் காலம் வரை அவர் எழுதிய நாட்குறிப்பில் வியாபாரம், வதந்தி, டூப்ளேயின் மனைவி மீதான எரிச்சல் எல்லாம் இருக்கின்றன. நடை பழைய பேச்சுத்தமிழ், கொஞ்சம் கடினம். முழுவதையும் வாங்கி அடுக்க வேண்டாம். 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட நாட்களை மட்டும் எடுத்துப் பாருங்கள், குண்டு விழும் ஊருக்குள் இருப்பது போலவே இருக்கும்.

இது எல்லாம் ஜாஸ்தி என்பவர்களுக்கு ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' இருக்கிறது. பெயரே சொல்லிவிடும்.

காசு எவ்வளவு ஆகும்?

முதல் புத்தகத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்தால் இந்தியாவில் காப்புரிமை முடிந்துவிடும். அதனால் 'என் சரித்திரம்' மதுரைத் திட்டம் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மற்றவற்றைப் பெரம்பலூர் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், கேட்பதில் கூச்சம் வேண்டாம். அரியலூர், குன்னம் அத்தியாயங்கள் 'என் சரித்திர'த்தின் முதல் கால் பகுதிக்குள்ளேயே வந்துவிடும்.