எல்லாத்தையும் "பசி மயக்கம்"னு சொன்னா ஏஐ-யும் அதையே கத்துக்கும்

போச்சம்பள்ளி சிப்காட்டுக்கு வேலைக்குப் போறவங்க வீடுகளில் இது பழகிப்போன கதை. காலை ஷிப்ட் வேனைப் பிடிக்கிற அவசரத்தில் சாப்பிடாமல் போன பெண், மணிக்கணக்கில் நின்னு வேலை பார்த்து, திடீர்னு சரிந்து விழுவார். முகத்தில் தண்ணி தெளித்ததும் எழுந்துவிடுவார். "பசி மயக்கம்தான்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பெரும்பாலும் அது சரிதான். சிக்கல் அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

மூளைக்குப் போகிற ரத்தம் சில நொடி குறைந்தால் மயக்கம் வரும். ரொம்ப நேரம் நின்றாலும் அப்படி ஆகும், இதயத் துடிப்பு தாறுமாறானாலும் ஆகும். பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான். ஆனால் ரெண்டாவது உயிரை எடுக்கலாம்.

இதைப் பிரித்துப் பார்க்க, கனடாவின் ஒட்டாவாவில் அவசர சிகிச்சை மருத்துவர் வெங்கடேஷ் திருஞானசம்பந்தமூர்த்தியின் குழு 2016-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. ரத்த அழுத்தம், ஈசிஜி, ரத்தப் பரிசோதனை என்று மொத்தம் 9 விஷயங்கள். இது ஏஐ இல்லை, வெறும் கூட்டல் கழித்தல். அவர்கள் பார்த்த 4,030 பேரில் 30 நாளுக்குள் பெரிய பாதிப்பு வந்தது 147 பேருக்கு.

இங்கேதான் ஏஐ பற்றி ஒரு பாடம் இருக்கிறது. எல்லோரையும் பார்த்து "உனக்கு ஒண்ணுமில்லை" என்று மட்டும் சொல்லும் ஒரு மென்பொருளை யோசியுங்கள். இந்த 4,030 பேரில் அது 96 சதவீதத்துக்கு மேல் சரி! ஆனால் அந்த 147 பேரில் ஒருவரைக்கூடக் கண்டுபிடித்திருக்காது. அதனால் "எத்தனை சதவீதம் துல்லியம்?" என்று கேட்டால் போதாது. "ஆபத்தில் இருந்தவர்களில் எத்தனை பேரைத் தவறவிட்டது?" என்று கேட்கணும்.

இன்னொன்று. ஏஐ கற்றுக்கொள்வது நாம் எழுதி வைத்ததிலிருந்துதான். பதிவேட்டில் எல்லாமே "பசி மயக்கம்" என்றிருந்தால், அதுவும் அதையே சொல்லும். ஈசிஜியை வேகமாகப் படிக்க அது உதவும். ஆனால் விழுந்ததை நேரில் பார்த்தது பக்கத்தில் நின்ற தோழிதானே?

அதனால் ஆஸ்பத்திரிக்கு அவரும் கூடப் போகட்டும். நின்றபோது விழுந்தாரா, உட்கார்ந்திருந்தபோதா, பாரம் தூக்கும்போதா? முன்னாடியே நெஞ்சு படபடத்ததா? வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென இறந்திருக்கிறார்களா? இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு ஈசிஜியும் கேளுங்கள்.