அடையாள அட்டைக்குள் ஒரு பிறந்தநாள்

2009ஆம் ஆண்டு செட்டிகுளம் முகாம்களுக்கு வந்தபோது எங்களில் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கவில்லை. காணி உறுதி, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பத்திரங்கள் எல்லாம் வழியிலேயே போய்விட்டன. அடையாள அட்டையை மட்டும் எப்படியோ காப்பாற்றி வந்தோம். நமது பிறந்த திகதி அந்த அட்டையின் இலக்கத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது எத்தனை சகோதரிகளுக்குத் தெரியும்?

எங்கள் மாதர் சங்கப் பட்டியலைக் கணினியில் ஏற்றியபோதுதான் இதன் பயன் எனக்கு விளங்கியது. கொப்பியில் இருந்த வயதுகள் வாய்ச்சொல்லாகக் கேட்டு எழுதியவை. தனியே இருக்கும் ஓர் அம்மாவுக்கு 66 என்று இருந்தது. 70 வயதைத் தாண்டிய, வருமானம் குறைந்த முதியோருக்கான கொடுப்பனவுக்கு அவருடைய பெயரை நாங்கள் அனுப்பாமல் விட்டதற்கு அதுவே காரணம்.

பழைய அட்டையில் 9 எண்களும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் 2 எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த 3 எண்கள், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளுடன் 500 கூட்டியிருப்பார்கள். 2016 முதல் வழங்கப்படும் 12 எண் அட்டையில் ஆண்டு முழுதாக 4 எண்களில் வரும். நாளுக்கு அதே முறைதான்.

எக்செலில் அட்டை இலக்கம் பீ2 என்ற கட்டத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக் கட்டத்தில் =லெஃப்ட்(பீ2,2) என்று கொடுத்தால் இடப்பக்கத்து 2 எண்கள் வரும். =மிட்(பீ2,3,3) என்றால் மூன்றாவது இடத்திலிருந்து 3 எண்கள் வரும். புதிய அட்டைக்கு =லெஃப்ட்(பீ2,4), =மிட்(பீ2,5,3). இங்கே தமிழில் எழுதியிருந்தாலும் தட்டும்போது ஆங்கில எழுத்திலேயே தட்டவேண்டும். ஒரு வரியில் சரிவந்தால், கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்துவிடுங்கள். முழுப் பட்டியலும் முடிந்துவிடும்.

அந்த அம்மாவின் இலக்கம் 53610 என்று தொடங்கியது. ஆண்டு 1953. 610இல் 500ஐக் கழித்தால் 110ஆவது நாள். ஜனவரி 31, பெப்ரவரி 29, மார்ச் 31, மொத்தம் 91. மிச்சம் 19. ஆகவே ஏப்ரல் 19. எந்த ஆண்டானாலும் இந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு 29 நாள்தான். அதை மறந்தால் ஒரு நாள் பிசகும்.

முதலில் எனக்கு அவர் "-139ஆவது நாளில்" பிறந்ததாக வந்தது! இலக்கத்துக்கு முன்னால் தெரியாமல் ஓர் இடைவெளி தட்டுப்பட்டிருந்தது. =மிட்(ட்ரிம்(பீ2),3,3) என்று கொடுத்ததும் சரியாயிற்று. இன்னொன்று, பிறந்த திகதியைக் காட்டும் இலக்கம் இது. பட்டியலைக் கண்டவர் கையில் விடவேண்டாம்.

2023 ஏப்ரலிலேயே அவருக்கு 70 நிறைந்துவிட்டது. சொன்னபோது, "நான் சித்திரையிலையோ பிறந்தனான், பிள்ளை?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அட்டையின் பிரதியையும் எடுத்துக்கொண்டு இருவருமாகக் கிராம அலுவலரிடம் போனோம். விண்ணப்பம் இப்போது அவரிடம் இருக்கிறது.