எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவே

மும்பையில் விமானி அமோல் யாதவ் மொட்டைமாடியிலேயே ஆறு பேர் அமரும் விமானம் ஒன்றைக் கட்டினார். 2017-இல் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அதைப் பதிவு செய்தது. அது அவர் சொந்த வடிவமைப்பு. பாகங்களெல்லாம் தொகுப்பாக வரும் கிட் வாங்கிக் கட்டுவது அதைவிடச் சுலபம், புதுக்கோட்டையில் ஒரு ஷெட் இருந்தாலும் செய்யலாம். ஆனால் ஃபயர்வாலில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவே நிற்கும் உலோகத் தகடுதான் ஃபயர்வால். பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் சுடரை 15 நிமிடம் தாங்க வேண்டும் என்பது அமெரிக்கச் சான்றிதழ் விதியின் அளவுகோல். தகடு தாங்கிவிடும். கேபிள், ஒயர், பெட்ரோல் குழாய் நுழையும் துளைகளும் ஓரத்து இடுக்குகளும்தான் பலவீனம். தீயே பிடிக்காத நாளிலும் புகைபோக்கியில் விரிசல் விட்டால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு அந்த வழியாக உள்ளே வரும்.

இந்தத் துளைகளையும் இடுக்குகளையும் அடைக்கப் பலர், வண்டி ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் சிவப்பு ஆர்டிவி சிலிகானில் 300 டிகிரி என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். அது எஞ்சின் சூட்டுக்கான கணக்கு, சுடருக்கானது அல்ல. பெட்ரோல் டேங்குக்குப் பூசும் பாலிசல்ஃபைடு சீலண்ட் எரிபொருளுக்கு நன்றாக நிற்கும். 120 டிகிரியைத் தாண்டினால் அதை நம்ப முடியாது. சாதாரண சிலிகான் நேர்மாறு: சூடு தாங்கும், பெட்ரோல் பட்டால் ஊதிப்போகும். வினிகர் நெடி அடிக்கும் சிலிகான் உலோகத்தையும் அரிக்கும், வேண்டவே வேண்டாம். ஃபயர்வாலுக்கென்றே தயாரான பிஆர்-812, சிஎஸ்-1900 போன்ற சீலண்டுகளை வாங்குங்கள். விலை கூடுதல்தான், கொடுக்கலாம்.

எதை வாங்கினாலும், மிச்சத் தகட்டுத் துண்டில் பூசி நன்றாகக் காயவிட்டு, திறந்த வெளியில் பிளோ டார்ச் காட்டிப் பாருங்கள். சொட்டினாலோ, சுடரை எடுத்தபிறகும் எரிந்தாலோ தூக்கி எறியுங்கள். கருகினாலும் உதிராமல் ஒட்டி நிற்பதுதான் தேவை. பெரிய துளையைச் சீலண்டால் அடைக்காதீர்கள். ஸ்டீல் தகடு வைத்து ஸ்டீல் ரிவெட் அடித்து, மிஞ்சும் இடுக்குக்கு மட்டும் பூசுங்கள். இங்கே அலுமினியம் வேண்டாம், அது 660 டிகிரியில் உருகிவிடும்.

இரண்டு பாகமாக வரும் சீலண்ட் சித்திரை வெயிலில் சீக்கிரம் இறுகும். விடியற்காலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள், டப்பாவில் காலாவதித் தேதியையும் பாருங்கள். பூசுமுன் தகட்டை அசிட்டோனால் துடைக்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒட்டாது.

வேலை முடிந்ததும் ராத்திரியில் எஞ்சின் பக்கம் விளக்கைப் போட்டு, விமானி இருக்கையிலிருந்து பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் இன்னும் பாக்கி. பிறகு ஒரு ஒயருக்காகத் துளை போட்டாலும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.