உப்பி எழும் ஓவன் அப்பம்

பசியாறாமல் வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை வகுப்பில் அன்றாடம் காண்கிறேன். சாலாக் செலாத்தானில் தங்கை வீட்டில் கற்ற இந்த அப்பத்தைச் செய்து பாருங்கள். ஜெர்மானியர் வழிவந்த இதனை அமெரிக்காவில் 'டச் பேபி' என்பார்கள்.

3 முட்டை, அரைக் கப் கோதுமை மாவு, அரைக் கப் பால், சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கட்டியில்லாமல் அடித்து வையுங்கள். மரப்பிடியில்லாத இரும்புச் சட்டியை ஓவனில் வைத்து 220 பாகை செல்சியஸுக்குச் சூடேற்றுங்கள். 2 மேசைக்கரண்டி பட்டர் போட்டு, உருகியதும் மாவை ஊற்றுங்கள். 20 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள்.

சோடா மாவு தேவையில்லை. நீராவிதான் உப்ப வைக்கிறது. சட்டி நன்றாகக் காயாவிட்டால் அப்பம் சரியாக எழாமல் போகலாம். வெளியே எடுத்ததும் அமுங்கும். பதறாதீர்கள், அது அதன் இயல்பு.

வாழைப்பழம் நறுக்கிப் போட்டு, சீனி தூவி, சூட்டோடு கொடுங்கள். வயிறு நிறைந்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.