வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே திரை

வேலைக்கு ஒரு கருவி, விளையாட்டுக்கு வேறொரு கருவி என்று தனித்தனியே வாங்கும் வசதி எல்லாக் குடும்பங்களுக்கும் வாய்ப்பதில்லை. 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்று பரவியபோது, அலுவலகங்கள் பல இல்லங்களுக்குள் குடியேறின. பகலெல்லாம் கணக்கோ, வரைபடமோ, மென்பொருளோ உருவாக்கும் பிள்ளைகள், மாலையில் அதே மேசையில் அமர்ந்து கணினி ஆட்டம் ஆடுவதும் பல வீடுகளில் வழக்கமாயிற்று. அப்பிள்ளை ஒருநாள் "உயர்ரக கேமிங் மானிட்டர் ஒன்று வாங்கப் போகிறேன்" என்று சொல்லி, அதன் விலையையும் சொல்லும்போது பெற்றோர் திகைப்பதில் வியப்பில்லை. "விளையாட்டுக்கா இத்தனை பணம்?" என்கிறார் தந்தை. "வேலைக்கும் இதுதானே, அப்பா!" என்கிறான் மகன். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எவர் கூற்றில் உண்மை மிகுதி என்பது அவர்கள் தேர்ந்தெடுக்கும் திரையைப் பொறுத்தது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேலைக் கருவியில் விளையாடுவது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கம் அன்று. 1958 அக்டோபரில், அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில், வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியலறிஞர் பார்வையாளர்களை மகிழ்விப்பதற்காக ஒரு டென்னிஸ் ஆட்டத்தை உருவாக்கினார். அவ்வாட்டம் ஓடிய திரை, மின்னலைகளைக் காண்பதற்கென்று செய்யப்பட்ட ஆஸிலாஸ்கோப் என்னும் ஆய்வுக் கருவியின் சிறிய வட்டத் திரையே ஆகும். ஆகவே, ஒரே திரை இரு பணிகளைச் செய்வது தகுமா என்பது கேள்வியன்று; இரண்டையும் செவ்வனே செய்யுமா என்பதே கேள்வி.

ஆட்டம் திரையிடம் வேகத்தைக் கேட்கிறது. வேலையோ தெளிவைக் கேட்கிறது. விளம்பரங்கள் வேகத்தை உரக்கச் சொல்கின்றன. தெளிவைப் பற்றி நாமே கேட்டறிய வேண்டும்.

எழுத்தின் தெளிவு

திரையிலுள்ள உருவங்கள் யாவும் பிக்ஸல் எனப்படும் நுண்புள்ளிகளால் ஆனவை. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புள்ளிகள் அடங்குகின்றன என்பதே எழுத்தின் தெளிவை நிர்ணயிக்கிறது. 27 அங்குலத் திரையில் 1920-க்கு 1080 புள்ளிகள் மட்டுமே இருப்பின், அங்குலத்திற்கு ஏறக்குறைய 82 புள்ளிகளே கிடைக்கும். அதே அளவில் 2560-க்கு 1440 என்றால் 109 கிடைக்கும். 4கே என வழங்கும் 3840-க்கு 2160 என்றால் 163 ஆகும். 32 அங்குல 4கே திரையில் இது 138.

ஆங்கில எழுத்துகளைவிடத் தமிழ் எழுத்துகளுக்கு இந்த அடர்த்தி கூடுதலாகத் தேவைப்படுகிறது. ணகரத்தின் சுழிகளும், னகரத்தின் சுழியும், மெய்யின் தலைமேல் அமரும் புள்ளியும் சிறிய அளவில் தெளிவாகத் தெரிய வேண்டுமன்றோ? நாள் முழுவதும் எழுத்துகளோடு பழகுவோர் 109-க்குக் குறைந்த திரையை நாடாதிருப்பது நலம். உயர்ரகத்திற்கே பணம் செலவிடுவோர் 4கே திரையைக் கருதலாம்.

இதற்கும் ஒரு விலை உண்டு. 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. 1440 வரித் திரையிலோ 37 லட்சமே. ஆட்டத்தின்போது இவ்வளவு புள்ளிகளையும் நொடிதோறும் பலமுறை தீட்ட வேண்டியது கணினியிலுள்ள கிராபிக்ஸ் கார்டு. அது வலிமையற்றதாயின், 4கே திரையின் வேகம் பெட்டியின்மேல் எழுதிய எண்ணாகவே நின்றுவிடும். எனவே, திரையை வாங்குமுன் கார்டின் திறனை அறிந்துகொள்வது முதற்கடமை.

வேகம் என்னும் எண்

ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு நொடியில் எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதைக் குறிக்கும். சாதாரண அலுவலகத் திரை 60 ஹெர்ட்ஸ். அதாவது ஒரு படம் 16.7 மில்லி நொடி நிற்கிறது. 144 ஹெர்ட்ஸில் இது 6.9 மில்லி நொடியாகக் குறைகிறது. 240-இல் 4.2, 480-இல் 2.1. இவ்வெண்களைச் சற்று ஊன்றி நோக்குங்கள். 60-இலிருந்து 144-க்குச் செல்லும்போது கிடைக்கும் ஆதாயம் ஏறத்தாழ 9.7 மில்லி நொடி. 144-இலிருந்து 240-க்குச் சென்றால் ஏறத்தாழ 2.8 மட்டுமே. அதற்கும் மேலே செல்லச் செல்ல விலை ஏறுகிறது, பயன் சுருங்குகிறது. போட்டிகளில் பங்குபெறும் ஆட்டக்காரருக்கு அச்சிறு வேறுபாடும் பயன்படக்கூடும். மற்றவர்க்கு 144 முதல் 165 வரை தாராளமாகப் போதும். இந்த வேகம் வேலைக்கும் உதவுகிறது. நீண்ட பக்கங்களை உருட்டும்போது எழுத்துகள் குறைவாகவே மங்குகின்றன.

வேகத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டியது, கார்டின் வேகத்திற்கேற்பத் திரையும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி. என்விடியா நிறுவனம் 2013-இல் அறிவித்த ஜி-சிங்க், ஏ.எம்.டி. நிறுவனம் 2015-இல் கொணர்ந்த ஃப்ரீ-சிங்க் ஆகியவை இவ்வகையின. இவை இல்லையேல், வேகம் ஒத்துப்போகாத வேளைகளில் படம் குறுக்கே கிழிந்தாற்போல் தோன்றும்.

ஐ.பி.எஸ். திரையா, ஓ.எல்.இ.டி. திரையா?

உயர்ரகத் திரைகளைத் தேடுவோர் முன் நிற்கும் பெருங்கேள்வி இதுவே. ஐ.பி.எஸ். என்பது பின்னொளியைத் திரவப் படிகங்களால் மறைத்தும் விடுத்தும் படம் காட்டும் முறை. எப்பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதும் மாறாது. ஆயினும், பின்னொளி முற்றிலும் மறையாததால், இருட்டறையில் கருமை சற்றுச் சாம்பல் நிறமாகத் தோன்றும்.

ஓ.எல்.இ.டி. முறையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவர் 1987-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளமிட்டது. ஒளிராத புள்ளி முழுக்கருமையாக இருக்கும். படம் மாறும் விரைவும் ஈடற்றது. ஆட்டத்திற்கும் திரைப்படத்திற்கும் இதனினும் அழகிய திரை இல்லை எனலாம்.

ஆனால் வேலைக்கு? இங்கேதான் நிதானம் தேவை. ஒளிரும் அக்கரிமப் பொருள் பயன்படப் பயன்பட மங்கும் இயல்புடையது. ஒரே உருவம் ஒரே இடத்தில் நெடுங்காலம் நின்றால், அவ்விடத்துப் புள்ளிகள் மற்றவற்றைவிட விரைவில் தேய்ந்து, நீங்காத் தடம் பதிந்துவிடும். ஆட்டத்தில் காட்சி மாறிக்கொண்டே இருக்கிறது. வேலையிலோ, திரையின் அடியிலுள்ள பட்டை காலை முதல் மாலை வரை அசையாது நிற்கிறது. வாரம் 6 நாள், நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்றால், ஆண்டுக்கு 50 வாரங்களில் 2400 மணி நேரம் அப்பட்டை அங்கேயே ஒளிர்கிறது!

இன்னொன்றும் உண்டு. விண்டோஸில் எழுத்துகளைத் தீட்டும் முறை, சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவை ஒரே வரிசையில் அடுத்தடுத்து இருப்பதாகக் கருதி அமைந்தது. 2022-இல் வெளிவந்த 34 அங்குல கியூ.டி. ஓ.எல்.இ.டி. திரைகளில் அவை முக்கோணமாக அமைந்திருந்தன. அதனால் எழுத்தின் ஓரங்களில் மெல்லிய வண்ணச் சாயல் தென்பட்டது. 2024-இல் வந்த 32 அங்குல 4கே திரைகளில் புள்ளிகள் நெருங்கியிருப்பதால் இக்குறை வெகுவாகத் தணிந்துள்ளது. ஆயினும், கடையில் ஆட்டக் காட்சியை மட்டும் கண்டு மயங்காமல், ஒரு பக்கம் தமிழ் எழுத்தைத் திறந்து காட்டும்படி கேளுங்கள்.

ஓ.எல்.இ.டி. வாங்குவோர் மேற்கொள்ள வேண்டிய ஒழுங்குகள் சில: அடிப்பட்டையை மறைந்திருக்குமாறு அமைத்தல், ஒளியை மிதமாக வைத்தல், எழுந்து செல்லும்போது திரை தானே அணையுமாறு செய்தல். முக்கியமான ஒன்று, வேலை முடிந்ததும் சுவரிலுள்ள சுவிட்சை உடனே அணைக்கலாகாது. இத்திரைகள் ஓய்வு நிலையில் இருக்கும்போதுதான் தம் புள்ளிகளைச் சரிசெய்துகொள்கின்றன. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நல்லெண்ணத்துடன் தாய் சுவிட்சை அணைத்துவிடும் வீடுகளில் இதனை அனைவருக்கும் சொல்லிவைப்பது நன்று. தடம் பதிதலுக்கும் உத்தரவாதம் உண்டா, எத்தனை ஆண்டு என்பதையும் எழுத்தில் கேட்டறிய வேண்டும்.

ஒளியும் நிறமும்

எச்.டி.ஆர். என்ற சொல்லைக் கண்டவுடன் மகிழ வேண்டா. 2017-இல் ஏற்பட்ட டிஸ்ப்ளே எச்.டி.ஆர். தரநிலையின் முதற்படியாகிய 400, திரையின் பகுதிகளைத் தனித்தனியே மங்கச் செய்யும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கவில்லை. அவ்வேற்பாடின்றி உச்ச ஒளியும் ஆழ்ந்த கருமையும் ஒருங்கே கிட்டா.

சன்னல் வெளிச்சம் நிறைந்த அறையில் வேலை செய்வோர்க்குப் பளபளப்பற்ற ஐ.பி.எஸ். திரை இதமானது. கியூ.டி. ஓ.எல்.இ.டி. திரையின் கருமை, வெளிச்சமான அறையில் சற்று வெளிறித் தோன்றும். அச்சுப் பணியோ புகைப்படப் பணியோ செய்வோர், எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் நிறநிலை தனியே உள்ளதா என்றும், அந்நிலையில் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் இயலுமா என்றும் பார்க்க வேண்டும். இல்லையேல் ஆட்டத்தில் அழகாகத் தோன்றும் மிகைநிறம், வேலையில் பிழையாகிவிடும்.

கம்பியும் நிலைக்காலும்

பழைய எச்.டி.எம்.ஐ. 2.0 கம்பி வழியாக 4கே படம் தன் முழு நிறத்தோடு 60 ஹெர்ட்ஸ் வரையே செல்லும். அதற்கு மேல் வேண்டுமாயின், டிஸ்ப்ளே போர்ட் 1.4 அல்லது எச்.டி.எம்.ஐ. 2.1 தேவை. கணினி, கம்பி, திரை மூன்றும் அதற்கு இசைந்திருக்க வேண்டும்.

அலுவலக லேப்டாப்பும் சொந்தக் கணினியும் ஒரே மேசையில் உள்ளோர்க்கு இரு வசதிகள் பெரிதும் பயன்படும். ஒன்று, யூ.எஸ்.பி.-சி வழியாக ஒரே கம்பியில் படத்தையும் மின்சாரத்தையும் லேப்டாப்புக்கென அமைத்தல். இதில் திரை எத்தனை வாட் தருகிறது என்பதையும், லேப்டாப்பின் அத்துளை படத்தை அனுப்புமா என்பதையும் முன்னதாக அறிய வேண்டும். மற்றொன்று, கே.வி.எம். எனப்படும் மாற்றி, ஒரே விசைப்பலகையையும் மவுஸையும் இரு கணினிகளுக்கும் இது பொதுவாக்குகிறது. உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலாத நிலைக்கால் கழுத்துக்குத் துன்பம். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுத் தாழ்ந்தோ இருப்பதே முறை.

எவ்வளவு சிறந்த திரையாயினும் கண்ணுக்கு ஓய்வு தேவை. திரையை நோக்கும்போது நாம் இமைப்பது குறைந்து கண் உலர்கிறது. 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ளதை 20 நொடி நோக்குமாறு கண் மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.

முடிவு செய்யும் முறை

தந்தையும் மகனும் எதிரெதிர் நின்று வாதாடுவதை விடுத்து, ஒரு தாளை எடுத்து இருவரும் சேர்ந்து கணக்கிடட்டும். ஒரு வாரத்தில் எழுத்தும் அட்டவணையும் எத்தனை மணி நேரம்? ஆட்டமும் படமும் எத்தனை மணி நேரம்? வேலை 48 மணி, ஆட்டம் 10 மணி என்று வந்தால், 27 அல்லது 32 அங்குல 4கே ஐ.பி.எஸ். திரை, 144 ஹெர்ட்ஸ் வேகத்தோடு, அக்குடும்பத்திற்கு ஏற்றது. கார்டு வலிமை குறைந்ததாயின், 27 அங்குலத்தில் 1440 வரித் திரையே போதும். மிஞ்சும் பணம் நல்ல நாற்காலிக்கு ஆகும். ஆட்டமும் படமும் வேலைக்கு நிகராகவோ மிகுதியாகவோ இருந்து, அறையும் ஒளி குறைந்ததாயின், 32 அங்குல 4கே ஓ.எல்.இ.டி. திரையை மேற்கூறிய ஒழுங்குகளோடு தயங்காமல் வாங்கலாம்.

பெற்றோர்களே, "கேமிங்" என்ற பெயரைக் கண்டு வெறுக்க வேண்டா. அவ்வேகத்தின் பயன் வேலைக்கும் கிடைக்கிறது. இளைஞர்களே, மிகப் பெரிய எண்ணைப் பெற்றிருப்பதே பெருமை என்று கருத வேண்டா; உங்கள் கண்கள் நாள்தோறும் அதிக நேரம் காண்பது பகைவரின் படையை அன்று, எழுத்தையே. அந்த எழுத்து தெளிவாகத் தெரியும் திரையை முதலில் தேர்ந்தெடுங்கள். அவற்றுள் விரைவானது எது என்பதைப் பிறகு பாருங்கள்.