கண்டிக்கோட்டையும் நவஹோ நாடும்

முகூர்த்தமில்லாத மாதங்களில் தறி சற்று ஓயும்பொழுது, வாலிபர்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து ஒரு மோட்டார் வண்டி பேசிக்கொண்டு கண்டிக்கோட்டைக்குப் போய்வருவது நமது சேவூர், ஆரணிப் பக்கங்களில் வழக்கமாகி வருகிறது. இதை நாம் குறை கூற வரவில்லை. சொந்தத் தாலூகாவைத் தாண்டி நாலு ஊர் பார்ப்பது நல்லதே. ஆனால் போய்வந்தவர்களைக் கேட்டால் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லுகிறார்கள்: ‘அது இந்தியாவின் கிராண்ட் கான்யன்.’ சுற்றுலா விளம்பரங்களிலும் அதே வாக்கியம். நமது தேசத்து ஆறொன்று நமது தேசத்துப் பாறையை அறுத்து உண்டாக்கிய இடத்துக்கு, ஏழு கடலுக்கு அப்பாலிருந்து ஒரு பெயரை எதற்காக இறக்குமதி செய்ய வேண்டும்? கண்டி என்னும் தெலுங்குச் சொல்லே மலையிடுக்கைக் குறிக்கும். இதைவிடப் பொருத்தமான பெயர் வேறெது? இருக்கட்டும். பெயரைக் கடன் வாங்கியவர்கள் அந்தப் பெயருக்குரிய சீமையின் சரித்திரத்தையும் உடன் வாங்கிக்கொள்வார்களானால் நமக்கு ஆட்சேபமில்லை. அப்படி வாங்கிப் பார்த்தால் தெரிவது யாது என்பதைச் சொல்லவே இன்று எழுதப் புகுந்தோம்.

வழி எளிது. வேலூர், சித்தூர், பீலேரு, ராயசோட்டி, குவ்வலசெருவுக் கணவாய், கடப்பை. அங்கிருந்து மேற்கே ஜம்மலமடுகு. விடியற்காலையில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் சேரலாம். குவ்வலசெருவில் பால்கோவா வாங்காமல் வண்டியை நகர்த்துவார் இல்லை, நாமும் வாங்கினோம். இந்தச் சீமை 1800-ல் நிஜாமால் கும்பெனியாருக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது. ‘ஸீடெட்’ ஜில்லாக்கள், அதாவது தானமாகத் தள்ளிவிடப்பட்ட ஜில்லாக்கள், என்றே வெள்ளையர் அதற்குப் பெயரிட்டனர். மன்றோ துரை 1807 வரையில் அங்கே பிரதமக் கலெக்டராக இருந்து பாளையக்காரரை ஒடுக்கினார். அப்பெயர் இழிவைத் தருகிறதென்று கருதியே 1928-ல் நந்தியாலில் கூடிய மகாசபையில் ராயலசீமை என்னும் பெயரை அந்நாட்டார் ஏற்றுக்கொண்டனர். அன்னியன் இட்ட பெயரை உதறியெறியத் தெரிந்த சீமைக்கு இன்று அமெரிக்கப் பெயர் சூட்டுவது எவ்வளவு பொருத்தம் என்பதை விளம்பரக்காரர்களே யோசிக்கட்டும். 1953 அக்டோபர் 1-ந் தேதி வரையில் அது சென்னை ராஜ்யத்தின் பகுதியாகவே இருந்தது என்பதையும் வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இந்த வழியிலே நமது ஜில்லாவாசிகள் மறக்கத் தகாத காரியம் ஒன்று உண்டு. சித்தூருக்கும் கடப்பைக்கும் கிழக்கே தொடரும் சேஷாசலம், பாலகொண்டா முதலிய மலைகளில்தான் செம்மரம் இயற்கையாக வளர்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை என்றே சொல்லலாம். அதைத் திருட்டுத்தனமாக வெட்ட நமது ஜவ்வாது மலை ஏழைகளைக் கூலி காட்டித் தரகர்கள் அழைத்துச் செல்லுவதும், அகப்பட்டவன் கூலிக்காரனாகவும் தப்பியவன் முதலாளியாகவும் இருப்பதும் எல்லோரும் அறிந்ததே. 2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசல வனத்தில் ஆந்திரப் போலீஸார் சுட்டு 20 பேர் இறந்தனர். அவர்கள் தமிழர், அவர்களில் பலர் நமது திருவண்ணாமலை மாவட்டத்தார். மரம் வெட்டியது குற்றமேயாயினும் குற்றத்துக்குத் தண்டனை விதிப்பது நீதிஸ்தலத்தின் வேலை, துப்பாக்கியின் வேலையன்று என்பதை நாம் அன்றிலிருந்து சொல்லி வருகிறோம். உல்லாசமாக வண்டியில் செல்லும் நமது வாலிபர்களும், அந்தக் கூலிகளும் ஒரே ஜில்லாவிலிருந்துதான் வடக்கே சென்றார்கள்.

ஜம்மலமடுகுப் பக்கத்தை எட்டியதும் காலடியில் கிடப்பது நம் வீட்டுச் சமையலறையில் பலகையாகப் பதிந்திருக்கும் அதே கடப்பைக் கல். எங்கு நோக்கினும் கற்சுரங்கமும் பலகைக் கல் அடுக்கும். அப்பால் பெண்ணையாறு. நமது பாலாறும் தென்பெண்ணையும் தோன்றுகின்ற நந்திமலைப் பிராந்தியத்தில்தான் இந்த வடபெண்ணையும் பிறக்கிறது. உடன்பிறந்தாள் என்றே கொள்ளலாம். கண்டிக்கோட்டையில் எர்ரமலைச் சிவப்புப் பாறையை அது நெட்டாக அறுத்துக்கொண்டு செல்லுகிறது. இருபுறமும் ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள சுவர்கள். பாறைகள் ஒன்றின்மேலொன்று கையால் அடுக்கி வைத்தாற்போல் இருக்கின்றன. கடப்பைப் பாறைகள் நூறு கோடி வருஷங்களுக்கு மேற்பட்ட பழமையுள்ளவை என்று பூதத்துவ நிபுணர் கூறுகின்றனர். பிரான்சு தேசத்து ரத்தின வியாபாரி தவெர்னியே, 1652-ல் கோல்கொண்டா மந்திரி மீர் ஜும்லாவைக் காண்பதற்கு இக்கோட்டைக்கு வந்தான். அதற்குச் சிறிது காலத்துக்கு முன்னரே பெம்மசானி நாயக்கர்களிடமிருந்து மீர் ஜும்லா கோட்டையைக் கைப்பற்றியிருந்தான். மாதவராயர் கோயில் கோபுரமும், ஜும்மா மசூதியும், பெரிய தானியக் களஞ்சியமும் இன்றும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. கோட்டைக்குள்ளே ஒரு சிற்றூரும் இருக்கிறது. படம் பிடிக்கிறவர்கள் அந்த ஊர் படத்தில் விழாதபடி ஒதுங்கி நிற்பதை நாம் நேரில் கண்டோம். வெறும் பாறைதான் வேண்டும், மனிதர் வேண்டாம்!

மனிதரை ஒதுக்குவதில் படம் பிடிக்கிறவர்களைவிட சர்க்கார் கைதேர்ந்தது. இவ்விடுக்குக்கு மேலே கட்டிய கண்டிக்கோட்டை நீர்த்தேக்கத்தில் கிருஷ்ணா நதி நீரைக் கொண்டுவந்து 26.85 டி.எம்.சி. வரையில் தேக்குவதற்காக 2020-ல் தாள்ளப்ரொத்துடூர் முதலிய ஊர்களைக் காலி செய்தார்கள். நஷ்ட ஈடு முழுதும் வந்து சேரவில்லை, மாற்று வீடு ஆயத்தமாகவில்லை என்று ஜனங்கள் சாலையில் உட்கார்ந்து கூக்குரலிட, தண்ணீர் ஊருக்குள் புகுந்தது. வறண்ட சீமைக்குத் தண்ணீர் வேண்டாமென்று சொல்லுவோர் எவருமில்லர். கணக்குத் தீர்த்துவிட்டு நீரை ஏற்றினால் அணை உடைந்துபோகுமா என்றே கேட்கிறோம்.

இன்னும் தெற்கே புலிவெந்தலாவை அடுத்துத் தும்மலபள்ளி என்னும் ஊர். அங்கே 2012 முதல் இந்திய யுரேனியம் கார்ப்பொரேஷன் சுரங்கம் வைத்து நடத்துகிறது. ஆலைக் கழிவை விட்டுவைக்கும் குட்டையிலிருந்து நிலத்தடி நீர் கெட்டு வாழைத் தோட்டங்கள் பாழாயின என்று கொட்டாலா முதலிய சிற்றூரார் முறையிடுகின்றனர். அவ்வாறில்லையென்று கார்ப்பொரேஷன் மறுக்கிறது. இவ்விடத்தில் வக்கீல் என்ற முறையில் ஒரு வார்த்தை. நமது பாலாற்றைத் தோல் பதனிடும் சாலைகள் கெடுத்த வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டார் செய்த தீர்ப்பு யாது? கெடுதலில்லை என்று ருஜுப்பிக்கும் பாரம் தொழில் நடத்துபவனைச் சேர்ந்ததேயன்றி, கெட்ட தண்ணீரைக் குடிக்கிறவனைச் சேர்ந்ததன்று. வேலூர்ச் சீமைக் கிணறுகளுக்காகப் பிறந்த அந்த விதி கடப்பைக் கிணறுகளுக்கும் செல்லும்.

இனிக் கடன் வாங்கிய பெயரின் சரித்திரத்தைப் பார்ப்போம். கிராண்ட் கான்யனுக்குக் கிழக்கே தொடங்கி மூன்று மாகாணங்களில் பரந்து கிடப்பது நவஹோ தேசம். அதன் விஸ்தீரணம் ஏறத்தாழ 27,000 சதுர மைல். நமது தமிழ்நாட்டில் பாதிக்கு மேல். ஜனத்தொகைப் பதிவு நான்கு லட்சத்தை ஒட்டியது. அவர்கள் தங்களைத் ‘தினே’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். மக்கள் என்பது பொருள். 1864-ல் அமெரிக்கப் பட்டாளம் அவர்களுடைய பீச் மரங்களை வெட்டி, ஆடுகளைக் கொன்று, பயிரைக் கொளுத்தி, பட்டினியால் பணியவைத்து, 300 மைலுக்கு மேல் கால்நடையாக ஓட்டிச் சென்று பாஸ்கே ரெதொந்தோ என்னும் பாழ்வெளியில் அடைத்தது. எண்ணாயிரம் பேருக்கு மேல் அடைபட்டனர், பெருந்தொகையினர் மடிந்தனர். வேறு சீமைக்கு அனுப்புவதாக ஷெர்மன் தளகர்த்தர் பேசியபோது, சொந்த நாட்டைத் தவிர வேறெங்கும் போகோம் என்று பார்போன்சிதோ என்னும் அவர்கள் தலைவர் உறுதியாக நின்றார். 1868 ஜூன் 1-ந் தேதி உடன்படிக்கை ஏற்பட்டது. பிடுங்கப்பட்ட தாய்நாட்டுக்கே ஒரு ஜாதியார் உடன்படிக்கை பெற்றுத் திரும்பியது அமெரிக்கச் சரித்திரத்தில் அரிது.

சேவூர் வாசகர்களுக்கு மற்றொரு செய்தி. நவஹோக்கள் நெசவாளர். குழித்தறியன்று, நிமிர்த்தி நிறுத்திய தறி. அதிலே பெண்கள் ஆட்டு ரோமக் கம்பளி நெய்கிறார்கள். நல்ல சிவப்பு கிடைக்காத காலத்தில், வியாபாரத்தில் வந்த சிவப்புத் துணியைப் பிரித்து நூலாக்கி மறுபடி நெய்தார்களாம்; சாயத்தின் அருமை தெரிந்தவர்களுக்கு அந்தப் பொறுமையின் அளவு விளங்கும். மேய்ச்சல் நிலம் தேய்கிறதென்று சொல்லி 1930-க்குப் பிற்பட்ட வருஷங்களில் அமெரிக்க சர்க்கார் அவர்களுடைய ஆடுகளைப் பதினாயிரக்கணக்கில் கொன்று குறைத்தபோது, ஆட்டோடு நூலும் போயிற்று. நூல் கிடையாமல் தறி நிற்பதென்றால் என்னவென்று நம் ஊராருக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. பள்ளிக்கூடத்தில் அவர்கள் தாய்மொழி பேசினால் தண்டனை. அதே மொழி 1942-ல் பட்டாளத்துக்குத் தேவைப்பட்டது. 29 நவஹோ வாலிபர்கள் அம்மொழியைக் கொண்டு அமைத்த இரகசியக் குறிமுறையை ஜப்பானியரால் கடைசி வரையில் அவிழ்க்க முடியவில்லை.

அடுத்து வந்தது யுரேனியம். 1944 முதல் 1986 வரையில் அந்த மண்ணிலிருந்து ஏறக்குறைய மூன்று கோடி டன் கனிமம் தோண்டினார்கள். கைவிட்ட சுரங்கங்கள் 500-க்கு மேல் இன்னும் கிடக்கின்றன. 1979 ஜூலை 16-ந் தேதி சர்ச் ராக் என்னுமிடத்தில் கழிவுக் குட்டையின் கரை உடைந்து ஒன்பது கோடி காலனுக்கு மேற்பட்ட விஷநீர் ஆற்றில் பாய்ந்தது. தும்மலபள்ளியைப் பற்றிப் பேசும்போது நமக்கு ஏன் அச்சமுண்டாகிறது என்பதற்கு இதுவே விடை. 2005-ல் நவஹோ சபையார் தங்கள் மண்ணில் யுரேனியம் தோண்டலாகாதென்று சட்டமே செய்துகொண்டனர். ஆயினும் மூன்றிலொரு பங்கு வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. 1868 உடன்படிக்கைப்படி தண்ணீருக்கு வழி செய்யும் கடமை சர்க்காருக்கு உண்டு என்று அவர்கள் தொடுத்த வழக்கு 2023 ஜூனில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தோற்றது. நிலம் தருகிறேன், தண்ணீர் உன் பாடு என்பது என்ன உடன்படிக்கையோ!

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் தலைநிமிர்ந்து நிற்கிறார்கள். உலகம் முழுவதிலுமிருந்து ஜனங்கள் காணப்போகும் ஆன்டிலோப் மலையிடுக்கில் நவஹோ வழிகாட்டி இல்லாமல் ஒருவன் அடியெடுத்து வைக்க முடியாது. மான்யுமென்ட் வாலி 1958 முதல் அவர்களுடைய சொந்தப் பூங்கா. நுழைவுக் கட்டணம் அவர்கள் பொக்கிஷத்துக்கே செல்லுகிறது. வருபவன் எவ்வளவு பெரிய கனவானானாலும் அங்கே விருந்தாளி.

கண்டிக்கோட்டையிலிருந்து வடகிழக்கே, அல்லகட்டாவின் வழியாக, அஹோபிலம் போகலாம். திருமங்கையாழ்வார் சிங்கவேள்குன்றம் என்று பாடிய திவ்ய தேசம் அதுவே. நல்லமலைக் காட்டின் பழங்குடிகளான செஞ்சுக்களின் நாடு அது. நரசிம்மர் செஞ்சுப் பெண்ணை மணந்தாரென்பது தலபுராணம். நமது மாட்டுப் பொங்கலன்று பாருவேட்டை உற்சவம் தொடங்குகிறது. சுவாமி பல்லக்கேறி சுமார் 40 நாள், முப்பதுக்கு மேற்பட்ட கிராமங்களுக்குத் தாமே சென்று தமது கலியாணத்துக்கு அழைக்கிறார். செஞ்சுக்கள் வில்லும் அம்புமாக எதிர்கொள்ளுகிறார்கள். தெய்வம் வாசலுக்கு வந்து அழைக்கும் ஜனங்களிடம் சர்க்கார் நடந்துகொண்ட விதம் வேறு. 1983-ல் புலிகளுக்காகக் காடு காப்பகமாயிற்று. பிறகு, கிருஷ்ணைக்கு வடக்கே அம்ராபாத் பக்கம் யுரேனியம் தேட ஏற்பாடு நடந்தது. ஜனங்கள் கிளர்ந்தெழவே, 2019 செப்டம்பரில் தெலங்கானாச் சட்டசபை அதற்கு எதிராக ஏகமனதாகத் தீர்மானம் செய்தது.

இதெல்லாம் தெலுங்கர் விவகாரம், நமக்கென்ன என்பாரும் இருக்கலாம். 1983 ஒப்பந்தப்படி 1996 முதல் சென்னைக்கு வரும் கிருஷ்ணா நீர் ஸ்ரீசைலத்தில் தேங்கி, நல்லமலையின் மேற்கடிவாரத்தை ஒட்டிக் கடப்பை வழியாகக் கால்வாயில் வருகிறது. ஸ்ரீசைலம் அணையில் நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்கள் மூழ்கின. அந்தச் சீமையின் தண்ணீரைத் தமிழ்நாட்டின் தலைநகர் குடிக்கிறது.

ஆகையால் நமது கோரிக்கைகள் புதியவையல்ல. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் காட்டின்மீது செஞ்சுக்களுக்குச் சமூக உரிமையை ஒப்புக்கொள்கிறது. அதன்படி பட்டயம் வழங்கட்டும். சுரங்கம் வேண்டுமா, வேண்டாமா என்பதை 2013-ல் ஒரிஸ்ஸாவில் நியமகிரியைச் சுற்றிய 12 கிராம சபைகளிடம் கேட்டதுபோல, மலைக்குரியவரிடமே கேட்கட்டும். அந்தப் பன்னிரண்டும் வேண்டாமென்றன, மலை நிற்கிறது. கண்டிக்கோட்டையில் வசூலாகும் கட்டணத்தில் ஒரு பங்கு கோட்டைக்குள்ளிருக்கும் ஊருக்கும், நீரில் மூழ்கிய ஊர்களுக்கும் சேரும்படி ஆந்திர சர்க்கார் உத்தரவு செய்யட்டும்.

நமது வாலிபர்கள் சர்க்காருக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. வருகிற தை மாதத்தில் வண்டி பேசுகிறவர்கள் கண்டிக்கோட்டையோடு திரும்பாமல் மாட்டுப் பொங்கலுக்கு அஹோபிலம் சேரும்படி புறப்படலாம். மலைமேலுள்ள சந்நிதிகளுக்கு வழிகாட்ட ஒரு செஞ்சுவை அமர்த்திக்கொண்டு, கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்து, திரும்பும் வழியில் தாள்ளப்ரொத்துடூரார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று விசாரித்து வந்து நமக்கு எழுதினால், இதே பக்கத்தில் வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.